ஆறாவது இடத்திலிருந்து வந்த குரல்

செய்தி வந்தபோது நான் அட்டைப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். முனியசாமிதான் போனில் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, பாண்டி போயிட்டான்."

நான் திருப்பிக் கேட்டது, "எந்தக் கம்பெனி?"

எங்கள் பக்கத்தில் ஒருவன் திடீரென்று போனான் என்றால் அதுதான் கேள்வி. எந்தக் கம்பெனி, கூட யார் யார். தங்கப்பாண்டி பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவன் இல்லை, காலண்டர் அடிக்கும் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறவன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் வாயில் அதுதான் வந்தது.

"கம்பெனியெல்லாம் இல்ல அண்ணாச்சி. டீக்கடையில நின்னுக்கிட்டிருந்திருக்கான். நெஞ்சைப் பிடிச்சிருக்கான். அம்புட்டுதான்."

"சரி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு மீதிப் பெட்டிகளையும் ஏற்றி முடித்தேன். வண்டி கிளம்பின பிறகுதான் எதைச் சரி என்று சொன்னேன் என்று யோசித்தேன். சிவகாசியில் பிறந்த எங்களுக்கு ஒரு விதமான சாவுக்கு எப்போதும் மனசு தயாராக இருக்கும். நடுக்காலையில், டீ கிளாஸ் கையில் இருக்க, நாற்பத்தாறு வயதில் வருகிற சாவை எந்தப் பக்கம் வைத்து அழுவது என்று எனக்குப் பிடிபடவில்லை. இன்றுவரை பிடிபடவில்லை.

நம் படகு கிளப்புக்காக இதை எழுத உட்கார்ந்து, அவனை 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். வேறு யாரையோ எழுதுகிற மாதிரி இருந்தது. படகுக்காரர்களே, நம் பாண்டியை 'அவன்' என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மழைக்கு ஏங்கிக் கிடக்கிற ஊரில் படகு கிளப் எப்படி வந்தது என்று வெளியாட்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பிரஸ் வேலையாகத் தூத்துக்குடிக்குப் போன பாண்டி, அங்கே கடற்கரையில் ஒரு படகைப் பார்த்துவிட்டு வந்தான். ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்காருகிற நீளப் படகு. இடப்பக்கம் இரண்டு கம்புகள் நீண்டு, அதன் நுனியில் ஒரு மிதவை. அவுட்ரிகர் என்று பெயராம். அதை வைத்திருந்தவர்கள், ஆள் சேர்த்துக்கொண்டு வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாளே என் கம்பெனிக்கு வந்து நின்றான்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு நீச்சல் தெரியும்ல?"

"கெணத்துல தெரியும்."

"கடலும் கெணறுதான். செவரு மட்டும் இல்ல. ஞாயித்துக்கிழம வெள்ளென கெளம்பி இருங்க."

இப்படிச் சேர்ந்ததுதான் நம் கிளப். முதல் இடத்தில் முனியசாமி. நடுவில் பிரஸ்காரர்கள் இரண்டு பேரும் ஆமத்தூர்க்காரரும். ஐந்தாவது நான். ஆறாவது இடத்தில், படகைத் திருப்புகிற பெரிய துடுப்போடு, பாண்டி. இடப்பக்க மிதவைக்கு மச்சான் என்று அவன் பேர் வைத்திருந்தான். "எல்லாரும் மச்சான் பக்கமே சாஞ்சு இருங்க. அவன் கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சான்னா ஆறு பேரும் தண்ணிக்குள்ளதான்" என்பான். முதல் மாதத்திலேயே மச்சான் பலமுறை கோபித்துக்கொண்டார். நான் குடித்த உப்புத் தண்ணீருக்குக் கணக்கில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படகில் எல்லோரும் முன்னால் பார்த்துத்தான் உட்கார வேண்டும். ஐந்தாவது இடத்தில் இத்தனை காலம் உட்கார்ந்திருந்தும், துடுப்புப் போடும்போது பாண்டியின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து வரும் குரல்தான் எனக்குப் பாண்டி. கை மாற்ற வேண்டும் என்றால் "மாத்து" என்பான். சோர்ந்தால் "போடு" என்பான். இந்த இரண்டையும் தவிர அவன் படகில் அதிகம் பேசியதில்லை. கரையில் வாயை மூட மாட்டான் என்பது வேறு விஷயம்.

போன தை மாதம் நடந்த நெடுந்தூரப் போட்டியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தூத்துக்குடியிலிருந்து கரையோரமாகத் தெற்கே, அரை நாள் ஓட்டம். அன்று சனிக்கிழமை. முனியசாமியின் வீட்டுக்காரி நம் ஊருக்குப் பக்கத்தில் விஸ்வநத்தத்தில் பட்டாசு வேலைக்குப் போயிருந்தாள். வெடிக்குள் மருந்து செலுத்துகிற ரூம். கிளம்புவதற்கு முன் பாண்டி ஒரு மஞ்சப்பையை விரித்துப் பிடித்துக்கொண்டு எல்லோருடைய போனையும் கேட்டான். முனியசாமி தயங்கினான்.

"இல்லண்ணே, இது கவர்ல போட்டு எடுத்துக்கிறேன். அவ வேலைக்குப் போயிருக்கா."

"போனு மடியில இருந்தா மனசு துடுப்புல நிக்காதுலே. போடு பையில."

போட்டான். எல்லோரும் போட்டோம். பாண்டியும் தன் போனைப் போட்டதை நான் பார்த்தேன். பை வண்டிக்குள் போயிற்று; வண்டி ரோடு வழியாகப் போய், போட்டி முடிகிற இடத்தில் காத்திருக்கும்.

பாதித் தூரம் தாண்டியிருப்போம். எங்களுக்கு முன்னால் இரண்டு படகுகள்தான். அதில் ஒன்றை எட்டிப் பிடித்துவிடுகிற தூரத்தில் இருந்தோம். அப்போது கரைப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஒரே அடி. வயிற்றுக்குள் வாங்குகிற சத்தம்.

ஐந்து துடுப்பும் தண்ணீரை விட்டு மேலே வந்துவிட்டன. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து கழுத்தும் வலப்பக்கம் திரும்பிப் புகையைத் தேடின. எங்கள் ஊர் அங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம். அங்கே வெடித்தால் இங்கே கேட்காது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சிவகாசிக்காரனுடைய கழுத்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டு திரும்புவதில்லை. ஐந்து பேரும் வலப்பக்கம் சாய, இடப்பக்கம் மச்சான் தண்ணீரை விட்டு எழுந்துவிட்டார். படகு ஒருக்களித்தது. தண்ணீர் உள்ளே வந்தது.

"போடு."

பின்னாலிருந்து பாண்டியின் குரல். சத்தமாகக்கூட இல்லை. ஐந்து பேரும் இடப்பக்கம் விழுந்து துடுப்பைக் குத்தினோம். மச்சான் தண்ணீரில் அறைந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் படகு நேராகவே போகவில்லை. கரைப் பக்கம் இழுத்தது, கடல் பக்கம் இழுத்தது. நீரோட்டத்தைத் திட்டிக்கொண்டே நான் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றினேன். முன்னால் முனியசாமி துடுப்பைப் போடாமல் கரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது பாண்டி மறுபடியும் சொன்னான்.

"முனியா, ஊர்ல ஒண்ணும் இல்ல. போடு."

முனியசாமி போட்டான். முடிகிற வரைக்கும் போட்டான். பின்னால் வந்த படகுகள் தாண்டிப் போய்விட்டன. கடைசிக்கு முந்தின படகாகக் கரை சேர்ந்தோம். முனியசாமி பரிசு மேடையைக்கூடப் பார்க்காமல் வண்டிக்கு ஓடிப் போய் வீட்டுக்குப் போன் போட்டான். ஊரில் ஒன்றுமில்லை. வழியில் ஒரு கடற்கரை ஊரில் மாதா கோயில் திருவிழாவுக்கு வெடி போட்டிருக்கிறார்கள். வெடி நம் ஊர்ச் சரக்காகத்தான் இருக்கும். "சிவகாசிக்காரங்க வெடிக்குப் பயப்படுவாகளா?" என்று தூத்துக்குடிப் பையன்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்துவைத்தோம்.

திரும்பி வரும்போது பாண்டியிடம் கேட்டேன், "ஏலே, நீ மட்டும் எப்படி நிறுத்தாம இருந்த?"

வடையைக் கடித்துக்கொண்டு, "நான் நிறுத்தலன்னு யாரு சொன்னா?" என்றான். இதையே முனியசாமி இன்னொரு நாள் கேட்டபோது, "எனக்குச் சத்தமே கேக்கலடா" என்று சொல்லியிருக்கிறான். ஒரே கேள்விக்கு ஆளுக்கொரு பதில். அவன் விளையாடுகிறான் என்று விட்டுவிட்டோம். கேட்க இன்னும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.

துக்க வீட்டில், எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, பாண்டியின் மனைவி பேச்சியம்மாளிடம் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று இந்தக் கதையைச் சொன்னேன். அன்று அவன் ஒருவன்தான் பதறவில்லை, அவனால்தான் படகு கவிழவில்லை என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பதறலையா? கடல்ல இருந்தபடியே எனக்குப் போன் போட்டாகளேண்ணே. ஒங்களுக்குத் தெரியாதா?"

"கடல்ல இருந்தா?"

"ஆமாண்ணே. தண்ணி அடிக்கிற சத்தம் கேட்டுச்சு. மூச்சு வாங்குச்சு அவுகளுக்கு. 'ஊர்ல எங்கிட்டும் சத்தம் கேட்டுச்சா'ன்னாக. இல்லையேன்னேன். 'வெளிய போயி விஸ்வநத்தம் பக்கம் பாரு, பொகை தெரியுதா'ன்னாக. கொடத்தைக் கீழ வச்சுட்டுப் போயிப் பாத்தேன். ஒண்ணும் இல்லன்னேன். ஒடனே வச்சுட்டாக. பழைய பட்டன் போனு ஒண்ணு வச்சிருந்தாகள்ல, அதுல இருந்து."

எங்கள் போனையெல்லாம் வாங்கி வண்டிக்குள் வைத்தவன், தன் காலடியில் ஒரு போனைக் கவரில் சுற்றி வைத்திருந்திருக்கிறான். நீரோட்டம் என்று நான் திட்டியது, அவன் ஒற்றைக் கையால் துடுப்பைப் பிடித்ததை. எங்கள் ஐந்து முதுகுக்குப் பின்னால் அவன் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தது ஒருவருக்கும் தெரியாது. எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போனவன் மேல், அவன் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு கோபம். வெட்கமாகவும் இருந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

வெளியே பந்தலுக்குக் கீழே முனியசாமி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். சொல்லலாமா வேண்டாமா என்று தடுமாறினேன். அன்று மீதித் தூரம் முழுக்கத் தன் பெண்டாட்டி உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் துடுப்புப் போட்டவன் அவன்தான். சொல்லிவிட்டேன்.

அவன் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்து, அதிலேயே உட்கார்ந்தான்.

"அப்ப ஊர்ல ஒண்ணும் இல்லன்னு சொன்னது நெசந்தானா அண்ணாச்சி?"

"நெசந்தான். கேட்டுட்டுத்தான் சொல்லியிருக்கான்."

"சும்மா சமாதானத்துக்குச் சொல்றான்னு நெனச்சேன். அம்புட்டுத் தூரமும் பொய்யின்னு நெனச்சுக்கிட்டேதான் போட்டேன்." பிறகு கேட்டான், "ஒரு வார்த்தை, போன்ல கேட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னால் போனைக் கொடு என்று ஐந்து பேரும் கேட்டிருப்போம், படகு கவிழ்ந்திருக்கும். அதற்காக இருக்கலாம். தானே போட்ட விதியைத் தானே மீறியது தெரிந்துவிடும் என்று இருக்கலாம். பயந்தது தெரிந்துவிடும் என்றும் இருக்கலாம். படகுக்காரர்களே, உங்களில் யாரிடமாவது அவன் வேறு பதில் சொல்லியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள். நான் இதை எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு பக்கம் அவன் என்னை ஏமாற்றியவனாக இருக்கிறான். மறு பக்கம் எங்களைக் கரை சேர்த்தவனாக இருக்கிறான். இரண்டும் ஒரே ஆள் என்பதுதான் எனக்குப் புத்தியில் ஏறமாட்டேன் என்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் படகு எடுக்கிறோம். என் ஐந்தாவது இடத்துக்கு முனியசாமியின் மைத்துனன் வருகிறான். ஆறாவது இடத்தில் நான் உட்கார வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. போன்களை மஞ்சப்பையில் வாங்குவதா வேண்டாமா, என் போனை என்ன செய்வது, எதுவும் எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

ஆனால் அந்த நாளை வரிசைப்படுத்திப் பார்த்ததில் ஒன்று மட்டும் தெளிவாக இருக்கிறது. பாண்டி இரண்டு முறை "போடு" என்றான். இரண்டாவதைப் பேச்சியம்மாளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்னான். முதலாவதைச் சொன்னபோது அவன் இன்னும் போனை எடுத்திருக்கவில்லை. விஸ்வநத்தம் இருக்கிறதா இல்லையா என்று எங்களைப் போலவே அவனுக்கும் தெரியாது. அந்த முதல் "போடு"தான் எனக்கு. மற்றதையெல்லாம் நீங்கள் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.