சுவரைத் தட்டினால் படம் மாறும்

டீவீடி பிளேயர் விற்கிற தொழிலில் நல்ல பிளேயரைக் கண்டுபிடித்துவிடலாம், கீறல் விழாத டிஸ்க் வைத்திருக்கிற வாடிக்கையாளரைத்தான் கண்டுபிடிக்க முடியாது.

இரத்தோட்டை பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு தையல் கடையின் முன்பக்கத்தில் என் மேசை. கைமாறி வந்த பிளேயர்களைப் பழுது பார்த்து விற்பதும், விற்றதையே திரும்பப் பழுது பார்ப்பதும் பகல் வேலை. இரவில் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. நியாயமாகப் பகலில் தூங்க வேண்டியவன் நான். தூக்கம் வருவதில்லை. வீட்டில் நான் மட்டும்தான். கூரையைப் பார்த்துக்கொண்டு புரண்டு படுப்பதைவிட யாருடைய பிளேயரின் வயிற்றையாவது திறந்து பார்ப்பது மேல் என்று உட்கார்ந்தவன், அப்படியே தொழிலைப் பழகிக்கொண்டேன். சொல்லித்தர ஆளில்லை. முதலில் என் கைக்கு வந்த சில பிளேயர்கள் உயிரோடு திரும்பவில்லை. சொந்தக்காரர்கள் இன்னும் அதை மறக்கவுமில்லை.

கையிலே போன் இருக்கிற காலத்தில் டிஸ்க் யார் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்கள், எங்கள் மலைப் பக்கம் வந்து போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஒரு நாள் நடந்து பார்க்க வேண்டும். மலிவாக ஒரு சாமானை வாங்கிவிட்டு, அதன் பின்னாலேயே அலைந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. நீங்கள் நம்ம ஆட்கள்.

இருப்பதிலேயே மோசமான டிஸ்க்

எங்கள் பக்கத்தில் பிளேயர் வாங்க வருகிறவர்கள் கையோடு ஒரு டிஸ்க் கொண்டுவருவார்கள். வீட்டில் இருப்பதிலேயே மோசமான டிஸ்க். கலியாணம், சடங்கு, தேர், செத்த வீடு என்று எதுவாகவும் இருக்கலாம். அதில் பற்பசை தேய்த்திருக்கும், தேங்காய் எண்ணெய் பூசியிருக்கும், பிள்ளைகள் அதை வீசி விளையாடியும் இருக்கும். "இது ஓடினா எதுவும் ஓடும்" என்பார்கள். நானும் என் புத்திமதிகளைச் சொல்லிப் பார்ப்பேன்: டிஸ்க் வைக்கிற தட்டு தடங்கலில்லாமல் வெளியே வந்து உள்ளே போகிறதா பாருங்கள், பழைய டீவீ என்றால் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்று துளையும் இருக்கிறதா பாருங்கள், கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடுகிறதா பாருங்கள். யாரும் கேட்பதில்லை. கொண்டுவந்த டிஸ்க் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

புஷ்பம் வந்ததும் அப்படி ஒரு டிஸ்க்கோடுதான். மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். அவருடைய புருஷன் ராமையா மிளகு பறிக்க மரத்தில் ஏறி, விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போய்விட்டவர். விடிந்ததும் புஷ்பம் மலைக்குப் போனால் அந்திக் கொழுந்தைத் தராசில் நிறுத்த பிறகுதான் லயத்துக்குத் திரும்புவார். அதுவரைக்கும் ராமையா, அந்த வரிசை வீடுகளில் ஓர் அறையான தங்கள் காம்பிராவில் தனியே கிடக்க வேண்டும். டீவீ இருக்கிறது. காற்றில் விழுந்த டிஷ்ஷை யாரும் திரும்பப் பூட்டவில்லை. இருந்ததில் மலிவான ஒரு கறுப்புப் பிளேயரை எடுத்து வைத்தேன். அவர் கொண்டுவந்தது மூன்று படம் ஏற்றின டிஸ்க். ஓடி, நடுவில் திக்கி, யோசித்து, பிறகு ஓடியது. புஷ்பம் திரையையே பார்க்கவில்லை, சத்தம் நிற்காமல் வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். படம் தெளிவாகத் தெரிகிறதா பாருங்கள் என்றேன்.

"படம் எப்பிடி இருந்தா என்னண்ணே. அவரு கூரையப் பாத்துக்கிட்டு கெடக்காம இருந்தாச் சரி."

கூறைச் சேலை

மாத்தளை டவுனில் கந்தோர் உத்தியோகத்தில் இருக்கிற யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். கனடாவில் இருக்கிற மைத்துனி தன் மகளின் கலியாண டிஸ்க்கை அனுப்பியிருந்தார். போட்டால் எல்லாம் கறுப்பு வெள்ளையாகத் தெரிகிறதாம். "பிளேயர் பழசாப் போச்சு" என்று முடிவு கட்டிக்கொண்டு வந்தார். நானும் பழசுதான் என்று ஒத்துக்கொண்டேன். விற்கிறவன் வேறு என்ன சொல்வான். புதிது ஒன்றைக் கொடுத்தேன். அதிலும் கறுப்பு வெள்ளை. இன்னும் கொஞ்சம் விலை கூடினதைக் கொடுத்தேன். அதிலும் அப்படியே. கடைசியில் அவருடைய குவார்ட்டர்ஸுக்கே போய்ப் பார்த்தேன். குற்றம் எந்தப் பிளேயரிலும் இல்லை. அந்த நாட்டு டிஸ்க்கின் கலரை அவர் வீட்டுப் பழைய டீவீ வாங்கவில்லை. ஐயா பெரிய மனதோடு சிரித்தார். டீவீயை மாற்றுவதாகச் சொல்லி, தன் பழைய பிளேயரை இனிக் கண்ணில் காட்டவேண்டாம் என்று என்னிடமே தள்ளிவிட்டார். அதில் பென் டிரைவ் போடுகிற துளை ஒன்று இருந்ததை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் கேபிள்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஐயாவின் மனைவி பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். சாம்பல் நிறத்தில் நின்றுகொண்டிருந்த மணமகளை இன்னொரு முறை உற்றுப் பார்த்தார்.

"அங்க பனி கொட்டுறது எண்டு தெரியும் தம்பி. அதுக்காகக் கூறைச் சேலையிலயுமோ?"

இரண்டு தட்டு

புஷ்பம் திரும்பி வந்தார். பிளேயர் பழுதா என்றேன். இல்லை, நன்றாக ஓடுகிறது, அதுதான் பிரச்சினை என்றார். ரிமோட்டை அமுக்கினால் படம் ஓடும், நிற்கும். ஆனால் டிஸ்க் முடிந்தால் அதை எடுத்துவிட்டு வேறு போட ரிமோட்டுக்குக் கை கிடையாதே. ராமையா என்ன செய்கிறார் என்றால், படுத்தபடியே தடியை எடுத்துச் சுவரை இரண்டு தட்டுத் தட்டுகிறார். லயத்துக் காம்பிராக்களுக்குச் சுவர் பொதுச் சொத்து. ஒரு பக்கம் மாரிமுத்து, வேலையிலிருந்து ஓய்ந்த காவல்காரர். மறுபக்கம் கலா, மாதம் ஏறி வேலைக்குப் போகாமல் இருக்கிற பெண். கேட்டவர் எழுந்து வந்து மாற்றிவிட வேண்டும்.

மாற்ற வருகிறவர் கொண்டுவருகிற டிஸ்க்தான் அடுத்தது ஓடும் என்று ஒரு சட்டமும் தானாக உண்டாகிவிட்டது. மாரிமுத்து வந்தால் கோயில் தேர். கலா வந்தால் அவளுடைய கலியாணம். ராமையா அந்தக் கலியாணத்தை எத்தனை தடவை பார்த்தாரோ, பந்தியில் யார் இரண்டாவது தடவை உட்கார்ந்தது என்றெல்லாம் சொல்கிறாராம். நான் சிரித்தேன். புஷ்பம் சிரிக்கவில்லை. யாரையும் கூப்பிடாமல் ஓடுகிற மாதிரி ஒரு பிளேயர் வேண்டும் என்றார்.

"வயித்துப் புள்ளக்காரிய எழுப்பி எழுப்பி வேல வாங்குறாருன்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்தா, நான் எப்பிடிண்ணே அந்த லயத்துல மொகத்தக் காட்டுறது?"

அழாத படம்

பியதாச பல்லேகமவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர். காட்டை வெட்டிச் செய்கிற சேனைப் பயிர். அதற்கு யானைத் தொல்லை. காவல் குடிசையில் ஒரு பிளேயரை வைத்து, பேட்டரியில் ஓடும்படி நான்தான் திருத்திக் கொடுத்தேன். சண்டைப் படமாகப் பார்த்துப் போட்டு, ஒலிபெருக்கியில் முழங்கவிட்டால் யானை அந்தப் பக்கம் தலைகாட்டாது. இப்படிக் கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தவர், ஒருநாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். எந்தப் படத்திலும் சண்டை ஓய்ந்து அம்மாவோ காதலியோ அழுகிற இடம் ஒன்று வருமல்லவா. யானை அதைப் பழகிவிட்டது. அடிதடி முடியும்வரை காட்டோரத்தில் நின்றிருந்துவிட்டு, அழுகை தொடங்கியதும் வந்து சோளத்தைத் தின்கிறதாம்.

பென் டிரைவ் துளை வைத்த பிளேயர் ஒன்றை எடுத்தேன். பல படங்களிலிருந்து சண்டையை மட்டும் வெட்டி ஒட்டிப் பென்னில் ஏற்றி, முடிந்த இடத்திலிருந்து திரும்ப ஓடும்படி செய்துகொடுத்தேன். முடிவே இல்லாத படம். யாரும் எழுந்து போய் மாற்றத் தேவையில்லை. யானை என்ன, ஒரு ஜீவனும் கிட்டே வராது. பியதாச சந்தோஷமாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டே சிங்களத்தில் சொன்னதை, தம்பி என்கிற 'மல்லி'யை மட்டும் அப்படியே விட்டு, தமிழில் தருகிறேன்.

"மல்லி, நம்ம படங்கள்ல எவ்வளவு அழுகை இருக்குன்னு யானை சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது."

பென்

அவர் போனதும் எனக்கு மூளையில் பல்ப் எரிந்தது. கந்தோர் ஐயாவின் பழைய பிளேயர் அலுமாரியின் மேலே தூசி தின்றுகொண்டிருந்தது. துடைத்தேன், லென்ஸைச் சுத்தம் செய்தேன், ஒரு பென் நிறையப் படங்களை ஏற்றினேன். ஒன்று முடிந்தால் அடுத்தது, அது முடிந்தால் இன்னொன்று. காலையில் புஷ்பம் அமுக்கிவிட்டுப் போனால் அந்திவரை தானாக ஓடும். பழைய கறுப்புப் பிளேயரைத் திரும்ப வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்தேன். வீட்டில் இருக்கிற டிஸ்க்கும் இதில் ஓடும் என்று தட்டை இழுத்துக் காட்டினேன். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்தான். தானே படித்துக்கொண்ட தொழிலில் தட்டிக்கொடுக்க ஆளில்லாதவன், தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

புஷ்பம் பிளேயரை, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டார்.

"அப்பாடா. இனி அந்தச் சுவருக்கும் கொஞ்சம் நோவு ஆறும்."

முடியாத படம்

கொஞ்ச நாளில் புஷ்பம் மறுபடியும் வந்து நின்றார். பென் ஓடவில்லையாம். நீங்கள் அமுக்கிப் பார்த்தீர்களா என்றேன். "நான் அமுக்குனா ஓடுது. நான் மலைக்குப் போனதும் நின்னுருதாம். அந்திக்கு வந்தா டிஸ்க்தான் ஓடிக்கிட்டிருக்கு" என்றார். எத்தனையோ பிளேயர்களைத் திறந்து பார்த்தவன் நான். இப்படி ஒரு பழுதை எந்தப் பிளேயரிலும் கண்டதில்லை. மறுநாள் காலை, இரவு வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே லயத்துக்குப் போனேன்.

ராமையா சாய்ந்து படுத்திருந்தார். பிளேயரைச் சோதித்தேன். குறை ஒன்றுமில்லை. ரிமோட்டில் ஒரு பட்டனை அமுக்கினால் பென்னிலிருந்து டிஸ்க்குக்கு மாறும். யாரோ அதைத் தெரிந்துதான் அமுக்கியிருக்கிறார்கள். நான் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் முடிந்தது. தடி எழுந்து சுவரில் இரண்டு தட்டு. மாரிமுத்து சட்டைக்குள் டிஸ்க்கைச் செருகிக்கொண்டு வந்தார். போட்டுவிட்டுப் போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வெற்றிலையை மடித்து ராமையாவுக்கு ஒன்று கொடுத்து, கீழ் மலையில் சிறுத்தை நாயைத் தூக்கின கதையைச் சொன்னார். சத்தம் கேட்டுக் கலாவும் வாசலில் வந்து நின்று, அது சிறுத்தை இல்லை, உங்க நாய் ஓடிப்போச்சு என்றாள். திரையில் தேர் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு ராமையா ரிமோட்டை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். பென் வந்த பிறகு படம் படமாகப் பார்த்தாராம். நல்ல படங்கள்தானாம். வாசலில்தான் நிழல் விழவில்லையாம். யானைக்கு நான் கொடுத்த மருந்தை இங்கேயும் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"படம் முடிஞ்சாத்தானே தம்பி ஆள் வரும். ஒங்க பென்னு முடியவே மாட்டேங்குது. அது பழுதாப் போச்சுன்னு அவகிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க."

சீக்கிரம் முடிகிற டிஸ்க்

பென்னைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த முறை கொழுந்து மலைக்கு லீவு விட்ட நாளில் புஷ்பம் மேசைக்கு வந்தார். கரண்ட் ஏறி இறங்கினதில் பென் வாங்குகிற இடம் கருகிவிட்டது, திருத்த முடியாது, இனி டிஸ்க் மட்டும்தான் ஓடும், வேறு வழியில்லை என்று தொழில் வார்த்தைகள் நாலைந்தைப் போட்டு நீளமாகச் சொன்னேன். அன்றைக்கு டிஸ்க்கின் சத்தத்தைக் கேட்ட அதே காதோடு கேட்டுக்கொண்டிருந்தார். சுவரைத் தட்டுவதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பயந்தேன். பென் வந்த புதிதில் ஒரு நாள் கலா அந்திக்குத் தன்னிடம் வந்து, ராமையாண்ணன் கூப்பிடவே இல்லையே, கோபமா என்று கேட்டாளாம். அதை மட்டும் சொன்னார். பிறகு, என் மேசைக்குக் கீழே இருந்த பழைய டிஸ்க் பெட்டியை இழுத்து ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்தார். மூன்று படம் ஏற்றின டிஸ்க் ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது என்று எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

"இது வேணாண்ணே, ரொம்ப நேரம் ஓடும். சீக்கிரம் முடியிற மாதிரி ஏதாச்சும் இருந்தாப் பாத்துக் குடுங்க."

மலிவாக நல்ல பிளேயர் எது என்று கேட்டு வருகிறவர்களிடம், படம் முடிந்ததும் எழுந்து வந்து மாற்ற யார் இருக்கிறார்கள் என்று இப்போதெல்லாம் முதலில் கேட்டுவிடுகிறேன். அதையே யாராவது என்னிடம் திருப்பிக் கேட்டால், லயத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்த பென் என் வீட்டுப் பிளேயரில்தான் இருக்கிறது, அதில் படம் முடிவதே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.