சுருண்ட க்ரம்பெட்

அமெரிக்காவில், எடிசன் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் தோசை போடுகிறவன் நான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். என் மகள் ஐந்தாம் வகுப்பு. போன தடவை வகுப்பின் முன்னால் பேசப் போனவள், ஒரு வார்த்தையும் வராமல் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தடவை பேசியே தீருவது என்று இருவரும் முடிவு செய்தோம்.

ஒரு ரொட்டியின் பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். சீட்டு எடுத்ததில் அவளுக்கு வந்தது க்ரம்பெட். இங்கிலாந்துக்காரர்கள் கல்லில் சுடுவது. உள்ளங்கை அகலம், நல்ல தடிமன், மேலெல்லாம் ஆப்பம் மாதிரி ஓட்டை.

"தோசை வந்திருந்தா நானே வந்து பேசியிருப்பேன்."

"ப்ளீஸ் அப்பா, வராதீங்க."

நூலகத்தில் தேடிப் படித்தாள். பழைய ஆங்கிலத்தில் 'க்ரொம்பிட்' என்றால் சுருண்டது. அதிலிருந்து வந்திருக்கலாம், நிச்சயமாகத் தெரியாது என்று புத்தகத்தில் போட்டிருந்தது.

"பட், பிக்சர்ல சுருளவே இல்லையே. யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?" கேள்வி வந்தால் மறுபடி வாயடைத்துப்போகும் என்று அவளுக்குப் பயம்.

"சுட்டே பாத்துடலாம்" என்றேன்.

சனிக்கிழமை காலை ஈஸ்ட் போட்டு மாவு கரைத்தோம். கல்லில் ஓர் இரும்பு வளையம் வைத்து அதற்குள் ஊற்ற வேண்டும். இரண்டு நன்றாக வந்தன. மூன்றாவதற்கு வளையம் வைக்க மறந்துவிட்டேன். கரண்டி கல்லைத் தொட்டதும் கை தானாகச் சுற்றித் தேய்த்துவிட்டது.

"அப்பா! ஸ்ப்ரெட் பண்ணாதீங்கன்னு சொன்னேன்ல? இது தோசை இல்ல."

"இருபது வருஷமா தேய்ச்ச கைம்மா. நான் சொன்னாலே கேக்காது."

சுரண்டி எறியப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மெல்லிய ஓரம் காய்ந்து, கல்லை விட்டு எழும்பி, உள்பக்கமாகச் சுருண்டுகொண்டிருந்தது.

"வெயிட். ஃபர்ஸ்ட்ல மெல்லிசாத்தான் சுட்டாங்களாம், புக்ல இருந்துச்சு. அப்போ இப்படித்தான் சுருண்டிருக்கும், இல்ல?"

எனக்கென்ன தெரியும்? ஆனால் இன்னும் நாலு தேய்த்துப் பார்த்தோம். நாலும் சுருண்டன.

திங்கட்கிழமை தடிமனான ஒன்றும் சுருண்ட ஒன்றும் டிபன் பாக்ஸில் போயின. மாலையில் அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது முகம் உர்ரென்று இருந்தது. பையை வாங்கிக்கொண்டேன்.

"பேசினியாம்மா?"

"பேசிட்டே இருந்தேன்பா. ரெண்டையும் காட்டினேன், எல்லாரும் கொஸ்டின் கேட்டாங்க. முடிக்கிறதுக்குள்ள டைம் ஆச்சுன்னு டீச்சர் உக்காரச் சொல்லிட்டாங்க."