பலகையைக் கழற்றிய மேரியக்கா

நர்ஸ் ஆரோக்கியமேரி காலமான செய்தியை அகரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சொன்னவள் என் அக்கா செல்லம்மாள். "மேரியக்கா போயிட்டாங்கடி. கெளம்பு, மாலை நாந்தேன் கட்டணும்" என்றாள். ஒரு காலத்தில் மாதக்கணக்கில் வாய் திறக்காதிருந்தவள் அவள். அவளைப் பேச வைத்தவரை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில், பிள்ளை பிறந்தபின் அக்காவுக்கு உறக்கமும் பேச்சும் நின்றுபோயின. பேயோட்டும் கோடாங்கியிடமும் காட்டியாயிற்று. "ஆடி வரைக்கும் பாப்போம். தெளியலேன்னா பிள்ளைய விட்டுட்டுப் பொறந்த வீட்டுக்குப் போகட்டும்" என்று அவள் மாமியார் சொல்லிவிட்டார்.

மனநோய்க்குச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை, ஊர் ஆஸ்பத்திரியிலேயே பார்க்கலாம் என்ற அரசுத் திட்டம் அப்போதுதான் திண்டுக்கல்லுக்கு வந்தது. வாரம் ஒரு நாள் டாக்டர் வந்தார். வாசலில் 'மனநோய்ப் பிரிவு' என்று பெரிய பலகை. அதைக் கண்டதும் நான் அக்காவை இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். எல்லோரும் அப்படித்தான் திரும்பினார்கள். உள்ளிருந்து மேரியக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் பலகை இல்லை. பூச்சந்தைப் பக்கத்துப் பின்வாசல் திறந்திருந்தது. பூ விற்றுவிட்டு வெறுங்கூடையோடு திரும்பும் பெண்கள் அப்படியே உள்ளே வரலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். நானும் அக்கா கையில் ஒரு கூடையைக் கொடுத்து அழைத்துப் போனேன்.

மேரியக்கா நோயைப் பற்றிக் கேட்கவே இல்லை. "ராத்திரி தூங்குனியா ஆத்தா? இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" வாராவாரம் அதே கேள்வி, டாக்டர் தந்த மாத்திரை. ஒரு நாள் அக்கா, "கத்தரிக்கா" என்றாள்.

"உப்பு பத்துச்சா?" என்று கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சீட்டு எழுதினார் மேரியக்கா.

ஆடி வந்தது. அக்கா பிள்ளையோடு புகுந்த வீட்டிலேயே இருந்தாள்.

பிறகு சென்னையிலிருந்து ஓர் அதிகாரி, இந்தப் பிரிவை வைத்திருப்பதா மூடுவதா என்று பார்க்க வந்தார். தாழ்வாரம் முழுக்கப் பெண்களும் கூடைகளும்.

"போர்டு எங்கேம்மா?"

"போர்டு இருந்தப்ப ஆளு வரலைங்கய்யா. கழட்டி உள்ள வச்சிட்டேன்."

"யார் உத்தரவு?"

மேரியக்கா பதில் சொல்லுமுன் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அக்கா எழுந்தாள். "போர்ட மாட்டச் சொல்லுங்கய்யா. நான் இதுக்குத்தேன் வாரேன். என் மாமியாளுக்கே தெரியும்."

"தெரியும், தெரியும்" என்றார் துணைக்கு வந்திருந்த மாமியார். "அப்ப வாயத் தொறக்க வைக்க அலைஞ்சோம். இப்ப மூட வைக்க மருந்து இருக்கான்னு கேளுங்க."

அதிகாரியும் சிரித்துவிட்டார். பலகையை மாட்டப் போகிறார்கள் என்று தெரிந்தும் ஒரு பெண்கூட எழுந்து போகவில்லை. பலகை பின்வாசலில் ஏறியது. ஒரு பூக்காரியின் கூடையில் விற்காமல் மிஞ்சிய கனகாம்பரத்தை அக்கா அதில் சுற்றினாள். பிரிவு மூடப்படவில்லை. இன்று நத்தத்திலிருந்தும் குஜிலியம்பாறையிலிருந்தும் கூடையில்லாமலே வருகிறார்கள்.

கல்லறையில் மாலையை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"ராத்திரி தூங்குனியாடி?"

மேரியக்காவிடமிருந்து எங்களுக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். அதை இனி நாங்கள் கேட்போம்.