கைமாறி வந்த கேசட்

திங்கட்கிழமை காலை ஒன்பது இருபத்தைந்து.

நிமிஷக் கணக்காக எப்படிச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் போர்டுக்கு முன்னால் உட்காருகிறவள் நான் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். வெளியூரிலிருந்து வரும் ஒவ்வொரு டிரங்க் காலுக்கும் சீட்டில் நேரம் குறிக்க வேண்டும். அன்றைக்கும் குறித்தேன். கூப்பிட்ட ஊர், வெள்ளிமலை. கூப்பிட்டவள், அங்கே நர்ஸாக இருக்கும் என் தங்கை லூர்து. கூப்பிடப்பட்டவள் — நான்.

"அக்கா, ஸ்டெல்லா வந்துட்டாளா?"

"எங்க வந்தா? நீ எத்தினி மணிக்கு பஸ் ஏத்தி வுட்ட?"

"ஆறு மணி வண்டிக்கா. ஒம்பதுக்குள்ள அங்க வந்துருக்கணுமே..."

அவ்வளவுதான். காதில் ஒரு கரகரப்பு. அப்புறம் அதுவும் இல்லை. மலைக்குப் போகிற ஒரே லைன் செத்துவிட்டது. எங்கேயோ ஒரு புளியமரம் சாலையில் விழுந்தபோது தந்திக் கம்பிகளையும் கூடவே இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறது.

போன வாரம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் நான் வரவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து தபாலே போகவில்லை, எப்படி வருவேன்? அதற்கு முந்தின வாரம் என்ன எழுதினேன் என்று நினைவிருக்கிறதா? என் கொழுந்தனார் துபாயிலிருந்து கொண்டு வந்த டேப் ரெக்கார்டரை வறுத்து எடுத்திருந்தேன். மனுஷர் பேச்சைக் கேட்க மனுஷருக்குக் காது இருக்கும்போது நடுவில் பெட்டி எதற்கு என்று பெரிதாகக் கேட்டிருந்தேன். நீங்களும் ஆமாம் ஆமாம் என்று கார்டு போட்டீர்கள். அந்தக் கார்டுகளை எல்லாம் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

ஸ்டெல்லா என் ஒரே மகள். ப்ளஸ் டூ படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் 'உங்கள் குடும்ப வரலாறு' எழுதி வரச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகள் அப்பாவைக் கேட்டு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார்கள். இவளோ அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சனிக்கிழமையே மலைக்குப் போனாள். என் அப்பா அந்த மலையில் தபால் ரன்னராக இருந்தவர். தோளில் பை, ஒரு கையில் ஈட்டி, ஈட்டியில் மணி. அவர் இப்போது இல்லை. அவரோடு பாதி வழியில் பையை மாற்றிக்கொண்டு ஓடிய சடையன் இருக்கிறார். அவர் பேச்சைப் பதிவு செய்யத்தான் போனாள்.

திங்கட்கிழமை திரும்பி வரச் சொன்னது யார்? நான்தான். இட ஒதுக்கீடு கேட்டு, சாலையில் மரங்களை வெட்டிப் போட்டு மறியல், செவ்வாய்க்கிழமை தொடங்குகிறது என்று பேப்பரில் போட்டிருந்தது. அதைப் போனில் அவளுக்குப் படித்தே காட்டினேன். "செவ்வாய்க்கிழமைதான் மறியல். நீ திங்கட்கிழமை முதல் வண்டிய புடி." மரம் வெட்டப் போகிறவர்கள் எங்கள் வீட்டுப் பேப்பரைப் பார்த்துவிட்டா கோடாலியை எடுப்பார்கள்? திங்கட்கிழமை காலையிலேயே எடுத்துவிட்டார்கள். படித்தவள் செய்கிற தப்பு இது. அச்சில் வந்துவிட்டால் நம்பிவிடுவேன்.

பக்கத்து சீட் சரோஜாவின் தம்பியும் மறியலுக்குப் போயிருந்தான். ஆத்திரத்தில் அவளிடம் சீறினேன். "உங்க ஆளுங்களுக்கு மரத்து மேல இன்னாடி கோவம்?"

அவள் நிதானமாகச் சொன்னாள். "இந்த ஆபீஸ்ல எங்க ஆளுங்க எத்தினி பேருன்னு எண்ணிப் பாருங்கக்கா. என்னோட சரி."

எண்ணிப் பார்த்தேன். அவள் ஒருத்திதான். ஆனால் மகள் வரவில்லையே... நியாயம் ஒரு காதில் ஏறுகிறது, மறு காதில் பஸ் சத்தம் கேட்கிறதா என்றுதான் மனம் பார்க்கிறது.

அன்று நான் செய்த காரியத்தை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் அடுத்தவர் பேச்சில் தலையிடக் கூடாது. தலையிட்டேன். உயிரோடு இருந்த ஒவ்வொரு லைனிலும்.

"மன்னிச்சிக்கோங்க சார், வர்ற வழியில வெள்ளிமலை பஸ்ஸ பாத்தீங்களா?"

"இன்னாம்மா இது... நான் மூங்கில்துறைப்பட்டுலேர்ந்து கரும்பு லோடு பத்தி பேசிக்கினு கீறேன். எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் ஒருவர். பிறகு குரல் மாறியது. "பொண்ணாம்மா? இரு, நானும் நாலு பேர கேக்கறேன்."

நான்கு பேரும் நான்கு விதமாகச் சொன்னார்கள். பஸ்ஸைக் கொளுத்திவிட்டார்கள் என்றார் ஒருவர். எந்த பஸ் என்று கேட்டால் தெரியவில்லை. சுட்டுவிட்டார்கள் என்றார் இன்னொருவர். எந்த ஊரில் என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை. ஊரிலேயே அதிகமாகச் செய்தி வந்து சேர்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேண்டிய ஒரு செய்தியைத் தவிர எல்லாம் வந்தது.

என் வீட்டுக்காரர் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முதல் மரத்திலேயே திரும்பி வந்தார். அன்றைய இரவைப் பற்றி எழுத வேண்டாம். செவ்வாய்க்கிழமை விடியும்போது, வரப்பு வழியாக நடந்தே போகிறேன் என்று புறப்பட்டார். நான் டூட்டிக்கு வந்தேன். வேறு எங்கே போவேன்?

பத்து நாற்பதுக்கு ஒரு பெண் வந்தாள். தலையில் கீரைக் கூடை. 'அந்நியர் நுழையக் கூடாது' என்ற பலகையைத் தாண்டி நேராக உள்ளே.

"டெலிபோன் அம்மா யாருங்க?"

"நான்தான்."

இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து எதையோ எடுத்தாள். கொடுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு ஒப்பிக்க ஆரம்பித்தாள்.

"மலையடிவாரத்துல ஒரு பொண்ணு கை. பொண்ணு கையிலேர்ந்து கடுக்கா மூட்டைக்காரரு கை. அவரு கையிலேர்ந்து கச்சிராயபாளையத்து பால்காரரு கை. பால்காரரு கையிலேர்ந்து ரோட்டுல மரம் வெட்டிக்கினு இருந்தவங்க கை. அவங்க கையிலேர்ந்து எங் கை. இப்ப உங்க கை. இப்படி முழுசா சொல்லிட்டுத்தான் குடுக்கணுமாம். அந்தக் கோடாலிக்காரரு என்னை மூணு வாட்டி சொல்லச் சொல்லிட்டுத்தான் வுட்டாரு."

"பொண்ணு எப்படி இருக்குது?"

"நான் எங்க பொண்ண பாத்தேன்? நான் பாத்தது மரத்தத்தான்."

கொடுத்தாள். ஒரு கேசட். மேலே என் மகளின் கையெழுத்து. 'அம்மாவுக்கு.'

எழுத்தைப் பார்த்ததும் பாதி உயிர் வந்தது. மீதி உயிர் அந்தக் கேசட்டுக்குள்ளே. எப்படிக் கேட்பது? எங்களிடம் இருக்கிற ஒரே டேப் ரெக்கார்டர் அவளிடம் அல்லவா இருக்கிறது! பூட்டை அனுப்பிவிட்டுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்ட பெண்ணை வேறு எந்த வீட்டிலாவது பார்த்திருக்கிறீர்களா?

சரோஜா என் காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றினாள். "போங்கக்கா. நான் பாத்துக்கறேன். செத்த லைனுக்கு எத்தினி பேரு காவலு?"

இத்தனை வருஷத்தில் டூட்டி நேரத்தில் நான் சீட்டை விட்டு எழுந்ததில்லை. வேலையில் சேர்ந்த அன்று அப்பா சொன்ன ஒரே புத்திமதி அது. "உக்காந்த எடத்த வுட்டு எழுந்திருக்காத. தபால் நிக்கக் கூடாது, உன் லைனும் நிக்கக் கூடாது."

எழுந்து ஓடினேன்.

ஊரில் கரண்ட் இல்லை. பேட்டரியில் ஓடும் மெஷின் வைத்திருப்பவர் மைக்செட் கடை கபூர் பாய் ஒருவர்தான். கேசட்டை வாங்கிப் பார்த்தார்.

"போடலாம்மா. ஆனா சின்ன ஸ்பீக்கர் எல்லாம் ஒரு கல்யாணத்துக்குப் போயி அங்கியே மாட்டிக்கினு கீது. இந்தக் குழாய் ஒண்ணுதான் பாக்கி. தெருவுக்கே கேக்கும்."

"ஊருக்கே கேக்கட்டும் பாய். போடுங்க."

குழாய் ஸ்பீக்கர் கொரகொரத்ததும் தெருவே கூடிவிட்டது. மறியல் பற்றி ஏதோ அறிவிப்பு என்று நினைத்துவிட்டார்கள். கடை ஷட்டரைப் பாதி இறக்கியவர்கள் அப்படியே நின்றார்கள்.

குழாயிலிருந்து சடையனின் குரல் வந்தது. "உங்க தாத்தனா? அவன் சரியான பயந்தாங்குளியாச்சே."

கூட்டம் சிரித்தது. கேசட்டுக்குள் ஸ்டெல்லாவும் சிரித்தாள்.

"முன்னாடி ஓட்டுங்க பாய். கடைசியில ஏதாவது பேசியிருப்பா."

"ஓட்டற பட்டன் ஒடைஞ்சி ஒரு வருசம் ஆச்சும்மா. இது நடந்துதான் போவும்."

நடந்துதான் போனது. என் மகள் இருக்கிறாளா, எங்கே இருக்கிறாள் என்று தெரிய வேண்டிய நேரத்தில், நடுத்தெருவில் நின்று என் அப்பாவின் கதையைக் கேட்டேன்.

"கரடி நடமாடற எடத்துல மணி அடிக்கணும்னு பேரு. உங்க தாத்தன் கரடி இல்லாத எடத்துலயும் அடிச்சிக்கினேதான் வருவான். மாதாவே மாதாவேன்னு பாட்டு வேற. ஒரு மைலு தூரத்துலயே கேக்கும். நான் எழுந்து மூஞ்சி கழுவிக்குவேன்."

என் அப்பா ஈட்டியோடு கரடியை எதிர்த்து நின்ற கதையை இதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அவர் சொன்னதுதான். மன்னித்துவிடுங்கள்.

"பாறைகிட்ட பைய மாத்துவோம். சும்மா தர மாட்டான். கீழேர்ந்து யார் கை, அப்புறம் யார் கை, இப்ப யார் கைன்னு முழுசா ஒப்பிச்சாத்தான் வுடுவான். மழை கொட்டும். நான் நனைஞ்சிக்கினு நிப்பேன். அவன் ஒப்பிச்சிக்கினு இருப்பான். தொலைஞ்சா எந்தக் கையில தொலைஞ்சிதுன்னு தெரியணுமாம்."

கீரைக்காரி எதை ஒப்பித்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள். கூடையோடு என் பின்னாலேயே வந்துவிட்டாள். "நான் சரியாத்தான சொன்னேன்?" என்று கேட்டாள்.

"ஒரு நாள் மட்டும் ஒப்பிக்கல," என்றார் சடையன். "பாறைகிட்ட வந்து நிக்கறான். பின்னாடியே கீழேர்ந்து ஒரு ஆளு வந்து, 'உனக்குப் பொம்பளப் புள்ள பொறந்துருக்குது'ன்னான். திரும்பினான் பாரு... அப்படியே ஓட்டம். பை தோள்லயே கீது. வெள்ளிமலை தபால் மொத்தமும் வந்த வழியே கள்ளக்குறிச்சிக்குப் போயிடுச்சி. ஒரு வாரம் வேலைக்கு வராதன்னு வூட்டுக்கு அனுப்சிட்டாங்க. ஏண்டா, நான் எதிர்லதான நின்னேன், என் கையில குடுத்துட்டு ஓடக் கூடாதான்னேன். 'தோணலடா'ன்னான்."

அந்தப் பொம்பளைப் பிள்ளை நான்தான். என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காதே என்று மட்டும் சொன்னார்! நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. பாய் தன் தோள் துண்டை நீட்டினார். அதனால் அழுதிருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஒரு 'டக்'. பிறகு அவள் குரல்.

"அம்மா, நான் ஸ்டெல்லா. நல்லாருக்கேன். பஸ்ஸுக்கு முன்னாடியும் மரம், பின்னாடியும் மரம். நாங்க பதினோரு பேரு. கண்டக்டர் அண்ணன் எங்கள எல்லாம் அடிவாரத்துல ஒரு பள்ளிக்கூடத்துல தங்க வச்சிருக்காரு. ஊர்க்காரங்க சாமை அரிசிச் சோறு போட்டாங்க. நாளைக்கு நடந்தே வந்துடுவோம்னு சொல்றாரு. நான் அழல. நீயும் அழாத. டூட்டிக்குப் போ. அப்பாவ மட்டும் அனுப்பாத, வழி தெரியாம எங்கனா போயிடுவாரு."

தெரு முழுக்கச் சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அப்பாதான் விடியற்காலையே கிளம்பிப் போய்விட்டாரே!

"இன்னொரு வாட்டி போடட்டாம்மா?" என்றார் பாய்.

"போடுங்க பாய்."

அவள் குரல் வரவேண்டுமென்றால் சடையனையும் மறுபடி முழுசாகக் கேட்டாக வேண்டும். கேட்டேன். யாரும் நகரவில்லை. பேட்டரி இறங்கி என் மகள் ஆண் குரலில் பேச ஆரம்பித்த பிறகுதான் நிறுத்தினோம்.

சாயங்காலம் நான்கு பத்து. எக்ஸ்சேஞ்ச் வாசலில் செருப்புச் சத்தம்.

ஸ்டெல்லா. முழங்கால் வரை சேறு, தோளில் பெட்டி. அவளுக்குப் பக்கத்தில் காக்கிச் சட்டையில் ஒருவர், டிக்கெட் பை இன்னும் தோளிலேயே. இரண்டு பேருக்கும் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு என் வீட்டுக்காரர். யாருடைய கரும்புக் கொல்லையிலோ திசை தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தவரை இவர்கள்தான் கண்டுபிடித்து அழைத்து வந்திருக்கிறார்கள்.

அவளைக் கட்டிக்கொண்டேன். பிறகு கோபம் வந்தது. "ஏண்டி, ஒரு துண்டுச் சீட்டுல நாலு வரி எழுதி அனுப்பக் கூடாதா?"

"எழுதியிருந்தா நம்பியிருப்பியா? வேற யாரோ எழுதினதுன்னு அதுக்கும் அழுதிருப்ப. குரல்னாதான் நம்புவ."

சரோஜா தலையாட்டினாள். பெற்ற பிள்ளை நம்மை இவ்வளவு சரியாக அறிந்து வைத்திருப்பது நல்லதா கெட்டதா... நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கண்டக்டரிடம் சொன்னேன். "உங்களுக்கு எவ்வளவு சிரமம். அவ்வளவு தூரம் நடந்து..."

"கள்ளக்குறிச்சின்னு டிக்கெட் கிழிச்சது நான்தானுங்க. பாதியில எறக்கி வுட்டுட்டுப் போவ முடியுமா? மத்தவங்களையும் அவங்கவங்க வூட்டுல வுட்டுட்டுத்தான் வரேன். இது கடைசி வூடு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நேத்து பஸ்ல ஒக்காந்துக்கினு அந்தப் பெரியவரு பேச்சத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டோம். அதான்... முறையா சொல்லிடறேன்."

நேராக நின்றார்.

"வெள்ளிமலையில நர்ஸம்மா கை. நர்ஸம்மா கையிலேர்ந்து என் கை. இப்ப உங்க கை." பின்னால் திரும்பி என் வீட்டுக்காரரை ஒரு தடவை பார்த்தார். "இவரு மட்டும் நடுவுல ஏறினவருங்க. டிக்கெட் இல்ல."