கோட்டுக்கு எந்தப் பக்கம்?

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்த ஜோதிமணிக்கு வயது முப்பத்திரண்டு. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் பேக்கிங் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை. பிளஸ் ஒன் தேர்வை எழுதியே தீர்வதென்று முடிவெடுத்து, ஞாயிறுதோறும் டியூஷனுக்குப் போனாள். ஆசிரியை ஜெயப்ரியா அவளைவிட எட்டு வயது இளையவள்.

எல்லாப் பாடமும் ஓடியது, ‘இதற்கு மேல் கூடாது’ என்று எல்லை வகுக்கும் அசமன்பாடு மட்டும் மக்கர் செய்தது. வரைபடத்தில் கோடு போடத் தெரிந்தது. அதற்கு எந்தப் பக்கம் நிழலிடுவது என்பதுதான் பிடிபடவில்லை. பாதி நாள் தப்பான பக்கத்தையே தீட்டிவிட்டு வந்தாள்.

“உங்க கம்பெனியிலேருந்தே ஒரு கணக்கு எடுத்துப் போட்டுப் பாருங்கக்கா” என்றாள் ஜெயப்ரியா.

அங்கே அதற்கா பஞ்சம்? சின்னப் பெட்டி பத்துக் கிலோ, பெரியது இருபது. சரக்குத் தூக்கும் வண்டி அறுநூறு கிலோவுக்கு மேல் தாங்காது. அதை ஓட்டும் குருமூர்த்தி வேப்பனப்பள்ளிக்காரர். சின்னது மட்டுமென்றால் அறுபது, பெரியது மட்டுமென்றால் முப்பது. இந்த இரண்டைத்தான் நம்புவார். கலந்து அடுக்கினால் பாதியை இறக்கச் சொல்வார். தினமும் வாய்ச்சண்டை.

திங்கட்கிழமை மதியம் வண்டி காலியாக நின்றது. ஜோதிமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னது பூஜ்யம், பெரியது பூஜ்யம். காலி வண்டிக்குப் பாரம் ஏது? அப்படியென்றால் ஆதிப்புள்ளி இருக்கும் பக்கம்தானே சரியான பக்கம்! சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். அட்டையில் கட்டம் போட்டு, படுக்கைக் கோட்டில் சின்னதற்கான அறுபதையும் நிமிர்ந்த கோட்டில் பெரியதற்கான முப்பதையும் ஒரு கோட்டால் இணைத்து, உள்பக்கத்தை நீலப் பேனாவால் தீட்டினாள்.

“இன்னாம்மா இது, கோலமா?” என்றார் குருமூர்த்தி.

“புள்ளி நீலத்துக்குள்ள விழுந்தா ஏத்தலாம் அண்ணாச்சி. வெளிய போச்சுன்னா இறக்கிரணும்.”

“கோட்டு மேலயே வுழுந்தா?”

“அதுவும் ஏத்தலாம்.”

“எங்க, சின்னது இருவது, பெருசு இருவது வை பாக்கலாம்.”

வைத்தாள். புள்ளி கோட்டின் மேலேயே உட்கார்ந்தது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நாற்பது பெட்டிகளையும் எடைமேடையில் ஏற்றினார். சரியாக அறுநூறு! குருமூர்த்தி வாய்விட்டுச் சிரித்தார்.

“அது சரி, கட்டத்துக்குக் கீழ ஏன் வெள்ளையாவே வுட்டுட்ட?”

“அங்கிட்டு மைனஸ் பெட்டிதான் இருக்கும். ஏத்துவீகளா?”

பேக்கிங் பிரிவே சிரித்தது. மறுநாள் சூப்பர்வைசர் சுகுணா அந்த அட்டையை லேமினேட் செய்து வண்டியிலேயே மாட்டினாள். அடுத்த ஷிப்டில் ஓட்டும் வெங்கட்டுக்காகக் கன்னடத்திலும் இரண்டு வரி எழுதச் சொன்னாள். கலந்து அடுக்குவதற்காக அதன்பிறகு யாரும் சண்டை போடவில்லை.

மார்ச்சில் தேர்வு வந்தது. அசமன்பாட்டுக் கேள்வியைப் பார்த்ததும் ஜோதிமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறைக் கண்காணிப்பாளர் முறைத்தார். அவள் குனிந்து, சரியான பக்கத்தை நிதானமாகத் தீட்டத் தொடங்கினாள்.