சாரலுக்குச் சாத்திய சன்னல்

ஆனி பிறந்தால் மேலகரத்து எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். என் நாத்தனார், வக்கீலான அவர் கணவர், நான்கு பிள்ளைகள். காலையும் மாலையும் குற்றாலத்துக்குப் போய் அருவியில் குளிப்பார்கள். சாரல் காற்று உடம்புக்கு மருந்து என்று வக்கீல் எங்களுக்குப் பாடம் நடத்துவார், நாங்கள் ஏதோ சாரலையே பார்க்காத ராமநாதபுரத்துக்காரர்கள் மாதிரி. அத்தனை பேரின் ஈரத்துணியும் காய்வது பின்கட்டு அறைக் கொடியில். நானும் எட்டு மாதக் குழந்தையும் படுக்கும் அறை அது. கூடத்தில் கட்டினால் மாப்பிள்ளைக்கு மரியாதைக் குறைவாம்.

அறைக்கு ஒரே சன்னல். அதையும் மாமியார் சாத்தி, இடுக்கில் பழந்துணி திணித்திருந்தார்.

"பச்சப் புள்ளைக்குச் சாரக் காத்து ஆகாதுட்டி."

நாற்பது வயது வக்கீலுக்கு மருந்தாகும் காற்று என் மகளுக்கு மட்டும் நஞ்சு.

பத்தே நாளில் அறை மூலையிலிருந்த நெற்குதிருக்குப் பின்னால் சுவரெல்லாம் கருப்பும் பச்சையுமாகப் பூசணம். தலையணை நாறியது. குழந்தை மூச்சு விட்டால் நெஞ்சில் சீட்டி அடித்தது. நான் எட்டாம் வகுப்பு படித்தவள். காற்றோட்டத்தின் நன்மைகளை எழுதிப் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். அந்தப் பரிசுக்காரி என்ன செய்தாள்? சன்னலைத் தொடவில்லை. பாடப்புத்தகம் எழுதியவர் சாரலைக் கண்டிருப்பாரா என்று யோசித்துக்கொண்டு, தேங்காய்நாரால் சுவரைத் தேய்த்துச் சுண்ணாம்பு அடித்தாள். ஈரச் சுவரில் அடித்த சுண்ணாம்பு நான்கு நாளில் அப்பளமாக உரிந்தது. உள்ளே முன்னைவிடச் செழிப்பாகப் பூசணம்.

"டாக்டரம்மா சொவத்துக்கு வைத்தியம் பாக்குதா" என்று மாமியார் தன் மகளிடம் சொல்லிச் சிரித்தார். கணவரிடம் முறையிட்டேன். "ஆவணி வந்தா தானாப் போயிரும்" என்றார். போவது பூசணமா, பிள்ளையா என்று நான் கேட்கவில்லை.

ஒரு காலையில் குழந்தை இருமி இருமிப் பாலைக் கக்கியது. உதடு கறுத்தது. கொடிக்கயிற்றை அவிழ்த்துக் கூடத்தில், வக்கீலின் சாய்வு நாற்காலிக்கு நேர் மேலே கட்டினேன். அவர் வேட்டியிலிருந்தே அவர் செய்தித்தாளில் சொட்டியது.

"என்னம்மா, கூடத்துல ஈரத்தக் கெட்டி வச்சிருக்க? மூச்சு முட்டுதுல்லா!"

"பின்கட்டுல புள்ளைக்கும் அப்படித்தான் முட்டுது, அண்ணாச்சி."

அவரிடம் அதுவரை நான் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அவர் இரண்டு முறை தும்மிவிட்டு மாமியார் பக்கம் திரும்பினார்.

"அத்தை, மொதல்ல சன்னலத் தொறங்க!"

மாமியார் ஓடி ஓடிக் கூடத்துச் சன்னல்களைத் திறந்தார். அந்த வேகத்தைப் பார்த்துவிட்டு நானும் போய்ப் பின்கட்டுச் சன்னலைத் திறந்தேன்.

"ஏட்டி, புள்ளைக்கு ஒண்ணுன்னா ஒன்னத்தான் கேப்பேன்."

"கேளுங்க அத்தை."

வாய்தான் சொன்னது. துணிகளைத் தொழுவத்துக்கு மாற்றினேன், கங்குச் சட்டி வைத்துச் சுவரைக் காயவைத்தேன். ஒவ்வொரு முறை காற்று வீசும்போதும் பிள்ளையைக் கொன்றுவிட்டேனோ என்று அதன் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தேன். சீட்டி ஒரே நாளில் நிற்கவில்லை. குறைந்தது.

அடுத்த வாரம் மாமியார் தெருவெல்லாம் சொன்னார்: "எங்க மாப்பிள்ளைதான் தொறக்கச் சொன்னாவ. வக்கீல் புத்தில்லா!"

நான் மறுக்கவில்லை. நான் திறந்த சன்னல் என்றால் மறுநாளே சாத்திவிடுவார்கள். வக்கீல் திறந்ததாகவே இருக்கட்டும்.