சலூன்காரரின் தும்மல்

இத்தனை வருடத்தில் சலூன்காரருக்குக் கை ஒருநாளும் நடுங்கியதில்லை. மூக்குதான் காலை வாரிவிட்டது.

கடைக்குப் பக்கத்துக் காலிமனையில் பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டால் போதும், அவருக்குக் கண் சிவந்து மூக்கு ஒழுகும். தும்மல் வந்தால் அடுக்கடுக்காக வரும். வரப்போகிறது என்று தெரிந்ததும் கத்தி பிடித்த கையைத் தலைக்கு மேலே தூக்கிவிடுவார்.

"அண்ணன் யாருக்கோ டாட்டா காட்டுறாரு" என்று காத்திருப்பவர்கள் கேலி செய்வார்கள். அவருக்கோ வேறு கவலை. ஒருநாள் கையைத் தூக்க நேரமில்லாமல் போய்விட்டால்? டாக்டர் கொடுத்த மாத்திரை தும்மலை நிறுத்தியது, கூடவே தூக்கத்தையும் கொண்டுவந்தது. தூங்கி வழிகிறவனிடம் எவன் கழுத்தைக் கொடுப்பான்?

"மனைக்காரன் வந்து புடுங்குவான்னு பாத்துக்கிட்டே இருங்க. மூக்கு உங்களதுதானே" என்றாள் மனைவி. சொன்னதில் தப்பில்லை.

மறுநாள் காலை கடை திறக்குமுன் மனையில் இறங்கினார். அங்கேதான் புத்தி புல் மேயப் போனது. பூத்து நிற்கும்போது பிடுங்கினார். அது போதாதென்று, சட்டை அழுக்காகுமே என்று, வாடிக்கையாளருக்குப் போர்த்தும் துணியையே கழுத்தில் கட்டிக்கொண்டார். மூக்கில் கட்டிய கைக்குட்டை காப்பாற்றியதால் ஒரு தும்மல்கூட வரவில்லை. ஜெயித்துவிட்ட நினைப்பில் துணியை ஆணியில் மாட்டினார்.

முதல் ஆளாக மச்சினன் வந்தான், மனைவியின் தம்பி. வாராவாரம் அவரிடம்தான் தாடி எடுப்பான். சலூன்காரர் பழக்கதோஷத்தில் துணியைப் படாரென்று உதறிப் போர்த்தினார். காலையில் அதில் படிந்த பூந்தூளெல்லாம் அவர் முகத்துக்கு நேரே கிளம்பியது. நுரை தடவி, கத்தியை மச்சினனின் காதுக்குக் கீழே வைத்தபோது தும்மல் வெடித்தது. கை எழவில்லை.

நல்லவேளை, இரண்டு தையலோடு போயிற்று.

"விடுங்க மாமா, வேணும்னா செஞ்சீங்க?" என்றான் மச்சினன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் மறுபடி கடையைத் திறந்தார்.

தையல் பிரித்த பிறகு அவன் வந்து உட்கார்ந்தான்.

"முடி மட்டும் போதும் மாமா. தாடிய வீட்லயே எடுத்துக்கிட்டேன்."

சலூன்காரர் கண்ணாடியில் பார்த்தார். பழக்கமில்லாத கை. தாடையில் இரண்டு இடம், மூக்குக்குக் கீழே ஒன்று என்று தன்னைத்தானே வெட்டிக்கொண்டு, ரத்தம் நிற்கக் காகிதத் துணுக்குகளை ஒட்டியிருந்தான்.

"சரி மாப்ள" என்று கத்தரிக்கோலை எடுத்தார்.